துரையின் குரலில் கத்திய ஸ்கூட்டர்

சன்னாசி, இதை நீதான் சொல்லியிருக்க வேண்டும். நீ சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் உட்கார்ந்து, "டேய், அது அப்படி நடக்கலடா" என்று இடையிடையே கத்தியிருக்க வேண்டும். அதுதான் நம் வழக்கம். இப்போது நான் தனியாகச் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் கத்துவதற்கு ஆள் இல்லை.

சன்னாசி என் கூட்டாளி. மீசை முளைக்காத வயதில் இரண்டு பேரும் பதுளையில் ஒரே கராஜில் வேலைக்குச் சேர்ந்தோம். போன மழைக்கு அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து, பெரியாஸ்பத்திரியில் கிடந்து, போய்விட்டான். அவன் போன பிறகு நான் கராஜ் பக்கம் போகவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள், எனக்கு இன்னும் முப்பது வயதே ஆகவில்லை. சிரிக்கட்டும். எங்கள் தொழிலில் அவன் காது, நான் கை. இன்ஜினில் என்ன கோளாறு என்று அவன் கேட்டுச் சொல்வான், நான் கழற்றுவேன். காது போன பிறகு கையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போது பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குகிறேன். முட்டைக்கோவாவுக்கும் கரட்டுக்கும் காது தேவையில்லை.

கராஜில் இப்போது வேலை செய்கிறவர்கள் கடைக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். "அண்ணே, அந்தச் சின்ன ஸ்கூட்டருக்குள்ள அவ்வளவு பெரிய இன்ஜின எப்படிண்ணே ஏத்துனீங்க? எதுக்குண்ணே ஏத்துனீங்க?" அவர்கள் காலத்தில் ஜப்பான் மோட்டார் சைக்கிள் பெட்டியோடு வந்து இறங்குகிறது. எங்கள் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு வால்வு, ஒரு வளையம்கூட வராது. ஒரு வண்டி செத்தால் இன்னொரு செத்த வண்டியின் குடலை எடுத்து இதற்கு வைக்க வேண்டும். தோட்டத்து வாசிகசாலை மலருக்கு இதை எழுதிக் கொடு என்று அவர்களே காகிதமும் வாங்கித் தந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் மன்னித்து வாசிக்கவும்.

வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெயில் நட்டு கழுவினோம், கழுவினோம், கழுவிக்கொண்டே இருந்தோம். ஒருநாள் பாஸ் எங்கள் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். அவ்வளவுதான்.

பாஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கராஜ் முதலாளி பியசேன பாஸ். ஒல்லியான சிங்கள ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். அவருக்கு எங்களைத் திட்டத் தெரியாது. திட்ட வேண்டியதை எல்லாம் வண்டியிடம் சொல்வார். நாங்கள் ஒரு நட்டை இறுக்காமல் விட்டால், எங்கள் முகத்தையே பார்க்க மாட்டார். வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் விளக்கில் கையை வைத்து, "பாவம் மகள், ஒனக்கு என்னா தலையெழுத்து. இந்த ரெண்டு மாடு கையிலே மாட்டிக்கிட்டது" என்பார். பேச்சு முழுதும் வண்டிக்குத்தான். ஆனால் நாங்கள் போய் இறுக்கும்வரை நிறுத்த மாட்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

வேலை நன்றாக இருந்தாலும் எங்களிடம் சொல்ல மாட்டார். அதையும் வண்டியிடம்தான் சொல்வார். அத்தனை வருடத்தில் அப்படி எத்தனை வண்டியிடம் சொன்னார் என்று எனக்கும் சன்னாசிக்கும் மனப்பாடம். ரொம்ப இல்லை.

ஒருநாள் காலையில் பேக்கரிப் பாண் லொறியில் ஒரு ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு டாக்டர் ஐயா வந்து இறங்கினார். தெமோதரைக்கு மேலே, சன்னாசி பிறந்த தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவர். முழு டாக்டருக்குப் படித்தவர் இல்லை, ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டர் ஐயாதான். குள்ளம், நல்ல குண்டு. அவர் ஸ்கூட்டர் அவரைவிடக் குள்ளம். சீட்டுக்குக் கீழே தேங்காய் அளவு இன்ஜின். அதில் அவர் ஏறி உட்கார்ந்தால் ஸ்கூட்டர் தெரியாது, அவர் காற்றில் மிதந்து வருவது போல இருக்கும். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவார். எங்கள் ஊவா மலையில் ஏற்றம் வராத இடம் எது? ஸ்கூட்டர் அவரைச் சுமந்ததைவிட அவர் ஸ்கூட்டரைச் சுமந்த தூரம்தான் அதிகம்.

"தம்பிமார், பிஸ்டன் பிடிச்சிருச்சு" என்றார். "இத எப்படியாச்சும் மேல் டிவிசனுக்கு ஏற வையுங்க. இல்லாட்டி அங்க மருந்து அறைய மூடிருவாங்க."

தோட்டம் இரண்டு பகுதி. கீழே ஃபாக்டரியும் பெரிய மருந்து அறையும். மேல் டிவிசன் மலை உச்சியில், அங்கே ஒரு சின்ன மருந்து அறை. டாக்டர் ஐயா தினமும் மேலே போக வேண்டும், போக முடியாவிட்டால் அந்த அறையைப் பூட்டி அதில் உர மூட்டை அடுக்கிவிடுவேன் என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லிவிட்டார். அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு வந்த புதுத் துரை அவர், தமிழ் அரைகுறை, எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்ப்பார். மூடினால், மேலே இருக்கிற நோயாளிகள் அந்தச் செங்குத்துப் பாதையில் இறங்கி வந்து, மருந்து குடித்துவிட்டு, மறுபடி ஏற வேண்டும். சுகமில்லாதவர்களால் எப்படி முடியும்?

சன்னாசி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவனுடைய ஆத்தா மேல் டிவிசனில்தான் இருந்தார். கொழுந்து எடுக்கிறவர், இழுப்பு நோய்க்காரர். நாலு படி ஏறினாலே நெஞ்சுக்குள் குழல் ஊதும். அந்த மருந்து அறைக்கும் அவர் குடியிருந்த லயத்து வீட்டுக்கும் நடுவில் தண்ணீர் பிடிக்கிற ஒரு பீலி மட்டும்தான். அறையை மூடினால் அவருக்கு மருந்து கிடையாது.

"பாஸ், இத நாங்க செஞ்சே ஆகணும்" என்றான்.

பாஸ் ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார். பிளேன்டீ குடித்தார். மறுபடி சுற்றினார். பிறகு ஸ்கூட்டரிடம் கேட்டார். "மகள், ஒனக்கு புது நெஞ்சு எங்கே தேடுறது?"

டாக்டர் ஐயாவே வழி சொன்னார். துரையின் பழைய மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் விழுந்து சட்டம் வளைந்து, ஃபாக்டரிக் கொட்டகையில் கிடக்கிறது. துரை அதே சாதி வண்டி ஒன்றை, வேலை விட்டுப் போன வேறொரு துரையிடம் வாங்கிவிட்டார். பழையதைக் கேட்டால் கொடுப்பார். கேட்டார். "பழைய இரும்புதானே, எடுத்துக்கிட்டு போ" என்று துரையும் கொடுத்துவிட்டார். இந்தக் கதையில் யாராவது தப்புச் செய்தார்கள் என்றால், அது இந்த இடத்தில்தான் நடந்தது. ஆனால் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன், பையன்களே, கவனமாகக் கேளுங்கள்.

தேங்காய் இருந்த இடத்தில் பலாக்காயை வைக்க வேண்டும். முதலில் பழைய இன்ஜினைக் கழற்றி, தாங்கியிருந்த இரும்புக் காதுகளை அறுத்தோம். ஆங்கிள் இரும்பு வெட்டி, தொட்டில் மாதிரி ஒன்று செய்து, சட்டத்தோடு ஒட்டினோம். ஒட்டுவதற்கு முன்னால் கனமான கடதாசியில் இன்ஜினின் அடிப்பாகம் போல வெட்டி, அதை வைத்து வைத்துப் பார்த்தோம். இன்ஜினின் செயின் சக்கரமும் பின் சில்லின் செயின் சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நூலிழை விலகினால் செயின் கழன்று காலைப் பிடிக்கும். பாஸ் அந்த நூலை எங்களிடம் தரவே இல்லை. ஒரு நுனியைத் தன் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை அப்படியே குந்தியிருந்தார். வாயில் நூல் இருந்ததால் வண்டியோடுகூடப் பேச முடியவில்லை. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

இன்ஜின் உட்கார்ந்தது. ஆனால் தலை சீட்டைத் தாண்டி நின்றது. அதனால் சீட்டை உயர்த்தினோம். உயர்த்தியதும் டாக்டர் ஐயாவின் கால் தரைக்கு எட்டவில்லை. "ஐயா, ஏறுறதுக்கு ஒரு கல்லு வச்சுக்குங்க" என்றான் சன்னாசி. "ஏறிருவேன்டா. எறங்குறதுக்கு?" என்றார். கடைசியில் கீழேயும் மேலேயும் இரண்டு மருந்து அறை வாசலிலும் ஒவ்வொரு மண்ணெண்ணெய்த் தகரம் கவிழ்த்து வைத்தார்கள். அவர் அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார், கப்பல் துறைமுகத்துக்கு வருவது போல. நடுவழியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உதை போடும் கம்பி. மிதித்தால் அது கால் வைக்கும் தகரத்தில் இடித்தது. தகரத்தை வெட்டினோம். அடுத்தது பிரேக். தேங்காய்க்குச் செய்த பிரேக் பலாக்காயை நிறுத்துமா? மோட்டார் சைக்கிளின் பிரேக் சட்டியையே பின் சில்லுக்குப் பொருத்தினோம். எல்லாம் முடிந்து பாஸ் முதல் தடவை கிளட்ச்சை விட்டபோது, முன் சில்லு எழுந்து நின்று எங்களுக்குச் சலாம் போட்டது. பின்னால் பாரம் கூடிவிட்டது. முன்பக்கத் தகரத்துக்குள் ஒரு மணல் மூட்டையைக் கட்டினோம். பிறகு மணலை எடுத்துவிட்டு டாக்டர் ஐயாவின் மருந்துப் பெட்டியையே அங்கே கட்டினோம். "பெட்டிய கழட்டிட்டு ஓட்டாதீங்க ஐயா. மருந்து இல்லாம போனா வண்டி ஒங்கள மல்லாத்திரும்" என்று சன்னாசி சொல்லி வைத்தான்.

சோதனை ஓட்டம் சன்னாசி ஓட்டினான், நான் பின்னால். பதுளையிலிருந்து தெமோதரை வரை ராசா மாதிரி போனோம். தோட்டத்துப் பாதையில் திரும்பி, ஏற்றத்தில் இரண்டாவது கியர் போட்டான். டொப், டொப், டொப் என்று மலை முழுதும் கேட்டது. தள்ளாமல் ஏறியது! நான் அவன் முதுகில் குத்திக் கத்தினேன்.

முதல் வளைவில் ஒரு அதிசயம். தேயிலைக்குள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கை ஓடுகிறது, கொழுந்து பறக்கிறது. மரத்தடியில் படுத்திருந்த கங்காணி துள்ளி எழுந்து, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பி, யாரையும் பார்க்காமலே, "முத்தின எலைய எடுக்காத! வங்கிக் கொழுந்த விடாம ஒடி!" என்று கத்தினார். பக்கத்து மலையில் ஒருத்தி கூவினாள். அதற்கு அடுத்த மலையில் இன்னொருத்தி கூவினாள். அந்தக் கூவலுக்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தொர வாராரு.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் துரையுடையது, சத்தமும் துரையுடையது. ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக் குனிந்து நின்றார். சன்னாசி கிரீஸ் கையைத் தூக்கி, துரை மாதிரியே இரண்டு விரலால் சலாம் போட்டான். நான் சிரிப்பில் விழப் பார்த்தேன்.

மேல் டிவிசன் லயத்துக்கு வந்தோம். அன்றைக்கு ஆத்தாவுக்குக் காய்ச்சல், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. வேலைக்குப் போகாமல் லயத்தில் இருக்கிறவர்கள் யார் யார் என்று துரை சில நாள் தானே வந்து பார்ப்பார், டாக்டர் ஐயா பார்த்து எழுதாமல் படுத்திருந்தால் அன்றைக்குப் பெரிய ரகளை. நாங்கள் லயத்து முன்னால் திரும்பும்போது, பின் கதவு வழியாக ஒரு கம்பளி ஓடியது. கம்பளிக்கு மேலே ஒரு கூடை. கீழே சன்னாசியின் ஆத்தாவின் கால்.

"ஆத்தா! நான்தான்!" என்று சன்னாசி கத்தினான்.

இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? மரக்கறிப் பாத்தியைத் தாண்டி மலையில் ஏறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கும்பிட்டார். "வேலைக்குத்தாங்க சாமி போறேன்! போய்க்கிட்டேதாங்க இருக்கேன்!"

"ஆத்தா, ஒம் மகன்!"

"மகன் டவுன்ல இருக்கானுங்க சாமி! வீட்ல யாரும் இல்லீங்க!"

சன்னாசி இன்ஜினை நிறுத்திய பிறகுதான் அவர் நின்றார். மெதுவாகத் திரும்பி, அவனைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார். "தொர வண்டிய களவெடுத்துக்கிட்டு வந்துட்டியாடா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஓடிய ஓட்டத்தில் இழுப்பு வந்துவிட்டது. வீ... என்று மெல்லிசாக ஒரு ஊதல், இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. சன்னாசி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். அவன் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

கராஜில் வந்து பாஸிடம் சொன்னபோதும் பாஸ் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரின் விளக்கில் கையை வைத்தார். "மகள், நீ நல்லா ஏறுது. ஆனா இந்தக் குரல் ஒன்னோடது இல்லே" என்றார்.

டாக்டர் ஐயா சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து முகம் வாடி வந்தார்.

"தம்பி, மேல் டிவிசன்ல நோயே இல்லடா."

"நல்லதுதானே ஐயா?"

"என்ன நல்லது? தினமும் போறேன். ஒரு ஈ இல்ல. லயத்துல அடுப்பு எரியுது, பாய் விரிச்சிருக்கு, கஞ்சி ஆவி பறக்குது. ஆள் மட்டும் இல்ல. நேத்து ஒரு ஆள தேயிலைக்குள்ள பிடிச்சேன். நெஞ்சு அனலா கொதிக்குது. 'ஏன்டா மருந்துக்கு வரல?'ன்னு கேட்டா, 'ஐயா வந்தது தெரியலீங்க, தொர வந்தது மட்டும்தாங்க தெரிஞ்சுச்சு'ங்கிறான்."

காய்ச்சலோடு இருந்தவர்கள் எல்லோரும் சத்தம் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஓடியிருக்கிறார்கள். இது போதாதென்று துரை, மேலே எத்தனை பேருக்குச் சுகமில்லை என்று கேட்டிருக்கிறார். ஐயா உண்மையைச் சொன்னார், ஒருத்தரும் இல்லை என்று. துரைக்கு ஒரே சந்தோஷம். "நீ மோட்டார்லே போன ஒடனே எல்லாம் சொகம் வந்திருச்சு! அப்போ அங்கே மருந்து அறை என்னாத்துக்கு? ஒரம் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டார். முதலில் ஐயா போகாததால் மூடுவேன் என்றார், இப்போது போவதால் மூடுவேன் என்கிறார்.

சன்னாசி அன்றே மேலே போய் லயம் லயமாக, ஒவ்வொரு காம்பராவாகச் சொன்னான். "இனிமே அந்தச் சத்தம் கேட்டா ஓடாதீங்க. அது தொர இல்ல, டாக்டர் ஐயா. வாசலுக்கு வந்து நில்லுங்க." ஆட்கள் நம்பினார்கள். எங்கள் ஆட்களிடம் அதுதான் கஷ்டம், நம்பினால் முழுதாக நம்பிவிடுவார்கள்.

மறுநாள் டொப், டொப் என்று சத்தம் வந்தது. யாரும் ஓடவில்லை. யாரும் கூவவில்லை. கங்காணி மரத்தடியில் புரண்டு படுத்தார். பெண்கள் போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கதை பேசினார்கள். ஒருத்தி வளைவைப் பார்த்து, "டாக்டர் ஐயா, எனக்கு இடுப்பு வலிங்க!" என்று கத்தினாள்.

வந்தது துரை.

அதற்குப் பிறகு அந்த மலையில் என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இடுப்பு வலிக்காரி அதற்குப் பிறகு வலி என்ற சொல்லையே சொன்னதில்லை என்று ஆத்தா சொல்வார்.

அடுத்த நாள் துரையே கராஜுக்கு வந்துவிட்டார். அந்த மோட்டார் சைக்கிளில்தான் வந்தார். சத்தம் கேட்டு, சன்னாசி, "ஐயா வாராரு" என்று தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடினான், இறங்குவதற்குக் கொடுக்க. துரை தகரத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"யாரு என்னோட சத்தம் திருடினது?" என்றார்.

 பாஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

"நான் மலைக்குப் போனா ஆள் எழும்ப மாட்டேங்கிது. டாக்டர் போனா எழும்பி ஓடுது. யாரு இங்கே தொரை? சம்பள நாளைக்குள்ளே அந்த ஸ்கூட்டர் வேற சத்தம் போடணும். இல்லாட்டி என்னோட இன்ஜின் திருப்பிக் கொடு. மருந்து அறையும் மூடு."

அவர் போன பிறகு டாக்டர் ஐயா வந்தார். சன்னாசி அவரிடம் கேட்ட ஒரே கேள்வி: "மூடிட்டா ஆத்தாவுக்கு நீங்க மருந்து கொடுத்து அனுப்ப முடியுமாங்க?" ஐயா தலையைக் குனிந்துகொண்டார். "இழுப்பு வந்தா அந்த நிமிசம் பக்கத்துல இருக்கணும்டா. கொடுத்து அனுப்புறது அடுத்த நாளைக்குத்தான் போகும்."

சத்தத்தை மாற்ற வேண்டும். சொல்ல லேசு. சைலன்சருக்குள் கம்பி வலை அடைத்தோம். சத்தம் குறைந்தது, ஆனால் மூச்சு முட்டி ஏற்றத்தில் செத்தது. பால்மா தகரத்தை நுனியில் மாட்டினோம். எருமை கத்துவது போல வந்தது, பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு மாடு திரும்பிப் பதில் சொன்னது. சைலன்சரை அறுத்துக் குட்டையாக்கினோம். பாஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஸ்கூட்டரிடம் மன்னிப்புக் கேட்டார். துரை வண்டியின் சத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் அப்படியே இருந்தது. டாக்டர் ஐயா நெஞ்சு பார்க்கும் தன் குழாயைக் காதில் மாட்டி இன்ஜினில் வைத்துக் கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்றார்.

சன்னாசி சாப்பிடுவதை விட்டுவிட்டான். இன்ஜின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.  ஒரு மத்தியானம் திடீரென்று கண்ணைத் திறந்தான்.

"டேய் ராசு, நாம ஏன்டா தொர சத்தத்த எடுக்கப் பாக்குறோம்? அது இருந்துட்டுப் போகட்டும். இன்னொரு சத்தத்த மேல போடுவோம்."

தேயிலைக்குப் பூச்சி மருந்தடிக்கும் கருவியின் உடைந்த பித்தளைக் குழாய் ஒன்று மூலையில் கிடந்தது. ஒரு சாண் அறுத்தான். புல்லாங்குழலுக்குப் போல ஒரு ஓரத்தில் வாய் வெட்டினான். புகைக்குழாயின் பக்கத்தில் துளை போட்டு அதைப் பொருத்தச் சொன்னான். நான் பொருத்தினேன். ஸ்டார்ட் செய்தான். கீச்சென்று கத்தியது. இல்லை என்று தலையாட்டினான். கழற்றி, வாயைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்தான். மறுபடி. இல்லை. மறுபடி. எதற்காக இவ்வளவு தேய்க்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. ஏதாவது ஒரு சத்தம் வந்தால் போதாதா?

கடைசியில் வந்தது. டொப், டொப் என்ற சத்தத்துக்கு மேலே, மெல்லிசாக, நீளமாக, வீ... என்று.  அந்தச் சத்தத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், ஒரு கல்லில் உட்கார்ந்த ஒருவரின் நெஞ்சுக்குள்ளிருந்து.

"ஆத்தா இழுக்குற மாதிரியே இருக்குடா" என்றேன்.

"ஆமா" என்றான். "அந்த டிவிசன்ல ஆத்தா இழுப்பு தெரியாத ஆள் இல்ல. யாரும் பயந்து ஓட மாட்டாங்க."

சம்பள நாளைக்கு முதல்நாள் துரை பரீட்சை வைத்தார். மேல் டிவிசன் மலையில் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். துரை பங்களாப் பக்கம் நின்று தூரப்பார்வைக் கண்ணாடியால் பார்க்கிறார், நாங்கள் அவருக்குப் பின்னால். வளைவுக்கு அந்தப் பக்கம், ஆட்களின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முதலில் டாக்டர் ஐயா வர வேண்டும், பிறகு துரை வண்டியைக் கணக்கப்பிள்ளை ஓட்டி வர வேண்டும். விசில் கேட்டால் அது டாக்டர் ஐயா என்று சன்னாசி முன்பே லயங்களில் சொல்லி வைத்திருந்தான்.

டொப், டொப், வீ... மலையில் யாரும் அசையவில்லை. சுகமில்லாத இரண்டு பேர் மட்டும் லயத்திலிருந்து இறங்கி மருந்து அறை வாசலில் போய் நின்றார்கள். அதில் ஒருவர் ஆத்தா. டாக்டர் ஐயா வந்து, தகரத்தின் பக்கத்தில் நிறுத்தி, இறங்கி, அறையைத் திறந்தார்.

பிறகு டொப், டொப், டொப் மட்டும். கூவல் கிளம்பியது. மலை முழுதும் எழுந்தது. கங்காணியின் சத்தம் தெமோதரை ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

துரை கண்ணாடியை இறக்கினார். சிரித்தார். "பாத்தியா? என்னோட சத்தத்துக்கு மட்டும்தான் எழும்புது" என்றார். "மருந்து அறை இருக்கட்டும். சுகமில்லாத ஆள் இருக்குதானே."

கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து பின்னால் கைகட்டி நின்ற கங்காணி என் காதருகில் குனிந்து, "தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே எங்களுக்குச் சந்தேகமே இல்ல. விசில் இருந்தா தூங்கலாம், விசில் இல்லாட்டி எந்திரிக்கணும்" என்றார். துரைக்கு அது கேட்கவில்லை. நல்லவேளை.

பாஸ் அன்று சாயந்தரம் ஸ்கூட்டரின் விளக்கில் கையை வைத்தார். "மகள், இப்போ ஒனக்கு சொந்தக் குரல் இருக்கு. அந்தக் குரல் கொடுத்த பையனை மறந்திடாதே" என்றார். சன்னாசி எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே போய்விட்டான். நானும் பின்னாலேயே போனேன். இரண்டு பேரும் பீப்பாய்க்குப் பின்னால் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

அவ்வளவுதான் பையன்களே, நீங்கள் கேட்ட கதை. இன்ஜினை ஏற்றியது என் கை. ஆனால் அதை அந்த மலையில் ஓட வைத்தது அவன் காது.

அவனைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். எடுப்பதற்கு முன்னால், லயத்து வாசலில் அவன் கிடந்தான். ஆத்தா அழாமல் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். பாஸ் வந்திருந்தார், பேசுவதற்கு வண்டி எதுவும் இல்லாமல் பேசாமல் நின்றார். அப்போது கீழே வளைவில் சத்தம் கேட்டது. டொப், டொப், வீ... டாக்டர் ஐயா வந்துகொண்டிருந்தார். ஆத்தா எழுந்தார். எங்கள் எல்லோரையும் விலக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிப் போனார். முன்பு எந்த வண்டிக்குப் பயந்து மலையேறி ஓடினாரோ, அதே வண்டிக்கு எதிரே போய் நின்று, விளக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஐயா இன்ஜினை நிறுத்தப் போனார். "நிறுத்தாதீங்க சாமி" என்றார் ஆத்தா. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ஐயாவுக்குக் கால் எட்டாது. நான் ஒரு பக்கம், பாஸ் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆத்தா போதும் என்று சொல்லும்வரை அது ஊதிக்கொண்டே இருந்தது.

இதை வாசிக்கிறவர்கள் எல்லோரும் சன்னாசிக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே, பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் அங்கே, புத்தரின் பன்சலைக்கும் மாதா கோயிலுக்கும் போகிறவர்கள் அங்கே. எங்கே என்றாலும் சரி, மனதுக்குள் மட்டும் வேண்டாதீர்கள். வாய்விட்டுச் சத்தமாக வேண்டுங்கள். அவனுக்குச் சத்தம் கேட்டால்தான், யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியும்.